புதுப்பிப்பு: எஃப்-150 திணறல், ஃபில்டர் மாத்தியாச்சு

என் 2002 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி மேடு ஏறும்போது திணறுது, மிதிச்சாலும் இழுக்கலைன்னு எழுதியிருந்தேன். பெட்ரோல் பம்பைத் தொடுறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஃபில்டரை மாத்துங்கன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி. அதுதான் காரணம்.

ஃபில்டர் டிரைவர் பக்கம் (இந்த வண்டியில இடப்பக்கம்), அடியில சேஸிஸ் ஓரமா இருக்கு. பிரஷரோட கழட்டினா பெட்ரோல் முகத்துல பீச்சும். அதனால டிரைவர் சீட்டுக்கு எதிர்ப்பக்கம், பயணி கால் வைக்கிற இடத்துல இருக்கிற இனர்ஷியா சுவிட்சோட (வண்டி மோதினா பெட்ரோல் பம்பை நிறுத்துற சுவிட்ச்) கனெக்டரைப் பிடுங்கிட்டு, இன்ஜின் தானா அணையுற வரை ஓடவிட்டேன். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழட்டினேன். ஃபில்டர்ல மாட்டியிருக்கிற பெட்ரோல் லைனை எடுக்க அதுக்குன்னே விக்கிற டூல் வாங்கிடுங்க. ஸ்க்ரூடிரைவரால நெம்பினா லைனே வீணாயிடும். எப்படியும் கொஞ்சம் சொட்டும், அடியில ட்ரே வைங்க. பக்கத்துல தீப்பொறி எதுவும் கூடவே கூடாது.

பழசை உள்வாய்ப் பக்கமா கவிழ்த்தா டிகாக்ஷன் நிறத்துல பெட்ரோல், கூடவே கருப்பு மண்டி! புதுசுல அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்கணும். கனெக்டரையும் பேட்டரியையும் திரும்ப மாட்டிட்டு, சாவியை சில தடவை ஆன் பண்ணி, பிரஷர் ஏறினதும் கசிவு இருக்கான்னு பார்த்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணேன்.

அதே மேட்டுல இப்போ ஒரே சீராப் போகுது. டேங்க்ல இன்னும் கசடு இருக்கும், அதனால இந்த ஃபில்டரை வழக்கத்தைவிட சீக்கிரமே மாத்தப் போறேன்.