விஆர் கேமராவில் போட்ட காசு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

தண்ணீர்மலைப் பையன், பினாங்கு

கேமராவோட ஸ்பெக் பேச வரல. தைப்பூசத்திலிருந்து ஒரு விஷயம் மனசைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு.

சுத்தி எல்லாத் திசையையும் ஒரே நேரத்துல எடுக்கிற ஆறு லென்ஸ் 360 கேமரா, மூணு நாள் வாடகைக்கு எடுத்தேன். ஒரு பெரியவருக்காக. புக்கிட் மெர்த்தாஜாம்காரர், எண்பது தாண்டினவர், முழங்கால் போச்சு. தண்ணீர்மலை முருகன் கோயிலோட 513 படி இனி அவரால ஆகாது. மகன்தான் கேட்டார், அப்பாவை மேல கூட்டிட்டுப் போற மாதிரி ஒண்ணு எடுத்துத் தர முடியுமா தம்பின்னு. வெள்ளி ரதம் வர்ற வழியிலயும் எடுத்தோம். நம்மூர்த் தேங்காய் உடைப்பு உங்களுக்குத் தெரியும், ரோட்டோரம் மலையா குவிச்சு வச்சிருப்பாங்க. ரதம் நெருங்குச்சு, உடைக்க ஆரம்பிச்சாங்க, நான் ஸ்டாண்டை விட்டுட்டு ஒதுங்கிட்டேன். 360-ல எடுக்கிறவன் மறையணுமே.

அஞ்சு வாரம் கழிச்சு அவர் வீட்டு வாசல்ல உட்கார வச்சு, கண்ணை மூடி மாட்டிப் படம் பார்க்கிற விஆர் ஹெட்செட்டை மாட்டி விட்டேன். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரதம் வந்ததும் ரெண்டு கையும் தலைக்கு மேல போச்சு. அப்புறம் கை மெதுவா இறங்குது, ஹெட்செட்டுக்கு அடியில விரலை விட்டு இடது கண்ணைத் தேய்க்கிறார். கழற்றிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தக் கண்ணு போன வருஷந்தான் ஆப்பரேஷன் பண்ணுனது. மறுபடியும் பூ விழுந்துடுச்சா?"

அவர் கண்ணுல ஒண்ணுமே இல்ல. நாலாம் நம்பர் லென்ஸ்ல ஒரு சொட்டு தேங்காய்த் தண்ணி காய்ஞ்சு போயிருந்தது. ஆறு லென்ஸ் படத்தையும் ஒரே படமா ஒட்டித் தைச்சு ரெண்டு கண்ணுக்கும் பிரிக்கிறப்போ, ஒரே லென்ஸ்ல ஒரு பக்கம் இடது கண்ணுக்குப் போகும், மறுபக்கம் வலது கண்ணுக்குப் போகும். ரதம் நின்ன திசையில இடது கண்ணுக்கு மட்டும் மங்கல். சாதா வீடியோன்னா லென்ஸ்ல தண்ணின்னு குழந்தைகூடச் சொல்லும். இதுல பார்க்கிறவருக்குத் தன் கண்ணே போயிடுச்சுன்னு தோணுது.

"வெளிச்சம் அப்படித்தான் இருக்கும் ஐயா"ன்னு ஏதோ சொல்லிட்டு வந்துட்டேன்.

செந்தூல் எடிட்டர்

வாடகைக்கு எடுத்தீங்களே, அதுவரைக்கும் நல்லது. நான் வேலை செய்த இடத்தில் 2019-இல் எட்டு லென்ஸ் கேமரா ஒன்று வாங்கினார்கள். 15,000 அமெரிக்க டாலர், அன்றைக்கு 60,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். பாஸ் வங்கிக் கடன் போட்டார். மூன்று வேலை வந்தது, மூன்றும் புது கொண்டோவின் மாதிரி வீடு. நான்காவதுக்கு முன்பணம் வாங்கியிருந்தோம். 2020 மார்ச் 18, கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு. ஆபீசைப் பூட்டிவிட்டு வந்தோம். ஏர்கானும் இல்லை.

பல மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தது நான்தான். கறுப்பு ஸ்பாஞ்சுக்குள் அந்த உருண்டை அப்படியே இருந்தது. பக்கத்தில் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலம் நீலமாக இருக்க வேண்டியது, வெளிறிய ரோஜா நிறம். போன் டார்ச்சை முதல் லென்ஸில் அடித்தேன், சுத்தம். இரண்டாவது, சுத்தம். மூன்றாவதில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கிளை ஓடியிருந்தது. பூஞ்சை. எட்டில் மூன்று. ஒரே லென்ஸ் என்றால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். இதில் எட்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துப் பொருத்தியவை, ஒன்றை அசைத்தால் தையல் மொத்தமும் விலகும்.

பாஸ் ஒன்றும் பேசவில்லை. மூடியைத் தானே மூடி, இரண்டு கொக்கியையும் மாட்டினார். அந்தக் 'டக், டக்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கல்யாண கேமரா, பிரிக்பீல்ட்ஸ்

செந்தூல் அண்ணே, கோவிச்சுக்காதீங்க, பூஞ்சைமேல பழி போடுறது சரியில்ல. பூஞ்சை வராம இருந்திருந்தாலும் அந்தக் காசு கரைஞ்சுதான் போயிருக்கும். நோக்கியாவோட ஓசோ விஆர் கேமரா 2015 நவம்பர்ல 60,000 டாலர். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல 45,000. 2017 அக்டோபர்ல அதை மேம்படுத்துறதையே நிறுத்திட்டாங்க. 2021-ல கேனன் 1,999 டாலருக்கு ரெட்டை மீன்கண் லென்ஸ் விட்டான், அவங்களோட ஆர்5 கேமராவுல மாட்டினா தையல் வேலையே கிடையாது, ஒரே சென்சார், ஒரே கார்டு. முன்னாடி மட்டும்தான் தெரியும், 180 டிகிரி. ஆனா சொல்லுங்க, கல்யாணத்துல முதுகுக்குப் பின்னாடி யார் பார்க்கிறாங்க?

என் கதை சின்னதுதான். போன வருஷம் ஒரு முகூர்த்தம், மணவறைக்கு முன்னால 180 கேமராவை வச்சேன். தாலி கட்டுற நேரம் போட்டோகிராபர் குறுக்க வந்து நின்னுட்டார். ஹெட்செட்ல பார்த்தா அவர் முதுகு ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிக்குது, சட்டையில வேர்வை படிஞ்ச வரிகூடத் தெரியுது. மேளச் சத்தம் கேட்குது, தாலி தெரியல. வெட்டவும் முடியாது, பெரிசாக்கவும் முடியாது. பொண்ணோட அம்மா ஹெட்செட்டைக் கழற்றி மடியில வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாங்க.

அதனால புதுசா இறங்குறவங்களுக்குச் சொல்றேன். வாங்காதீங்க, முதல் பத்து வேலைக்கு வாடகை போதும். கேமராவை உட்கார்ந்திருக்கிற ஆளோட கண் மட்டத்துல வைங்க. நின்ன உயரத்துல வச்சா, நாற்காலியில இருந்து பார்க்கிறவருக்குத் தான் மிதக்கிற மாதிரி இருக்கும். ஒரு மீட்டருக்குள்ள யாரையும் விடாதீங்க, கிட்ட வர்ற பொருளைப் பார்த்தா கண் வலிக்கும். போட்டோகிராபர்கிட்ட முதல் நாளே பேசி, தரையில டேப் ஒட்டி எல்லை காட்டுங்க. கேமராவை நகர்த்தாதீங்க, பார்க்கிறவங்களுக்குத் தலை சுத்தும். ஈரத்துக்கு டிரை கேபினெட் வாங்குங்க, சிலிக்கா ஜெல்லை நம்பாதீங்க. தண்ணீர்மலைத் தம்பி, ஒவ்வொரு டேக்குக்கும் இடையில ஆறு லென்ஸையும் நம்பர் சொல்லித் துடைக்கணும், ஒரு ஆள் அதுக்குன்னே வேணும். கம்ப்யூட்டரும் ஹார்டு டிஸ்க்கும் கேமரா விலையில சேராதுன்னு நினைக்காதீங்க. பிளாக்மேஜிக்கோட அர்சா சினி இம்மர்சிவ் விஆர் கேமரா, 2024 டிசம்பர்ல முன்பதிவு ஆரம்பிச்சப்போ 29,995 டாலர், நம்ம காசுக்குச் சுமார் 130,000 வெள்ளி. ஒரு கண்ணுக்கு 8160-க்கு 7200 புள்ளி (பிக்சல்), நொடிக்கு 90 படம். கூடவே வர்ற 8 டெராபைட் மெமரி ரெண்டு மணி நேரச் சொச்சத்துல நிரம்பிடும். அதை எங்க கொண்டுபோய் வைப்பீங்க? யார்கிட்ட ஓட்டிக் காட்டுவீங்க? குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒரு டிகிரிக்கு 25 புள்ளிதான் காட்டும். பார்க்கிற ஹெட்செட் காட்டுறதுக்கு மேல படம் எடுத்து என்ன பிரயோஜனம்?

மசாலா கடை மகள், ஜார்ஜ்டவுன்

உங்க கடைசிக் கேள்விக்காகத்தான் எழுதுறேன் அண்ணா.

மார்க்கெட் ஸ்திரீட்டில் அப்பா நடத்தின கடையை மூடுறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நீங்க சொன்ன மாதிரிதான், வாடகைக்கு 180 கேமரா எடுத்து, அப்பா நாற்காலியிலேயே கண் மட்டத்துக்கு வச்சேன். அப்பா எதிரில் நின்னு கடைசி மிளகாய் மூட்டையை அவிழ்க்கிறார். அவர் உயரம், அகலம் எல்லாம் நிஜம். ரெண்டு லென்ஸுக்கும் நடுவே 60 மில்லிமீட்டர், நம்ம கண் இடைவெளிக்குக் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் ஆள் பொம்மையாகவும் தெரியல, பூதமாகவும் தெரியல. அதுக்கு அந்த லென்ஸுக்கு ஒரு கும்பிடு.

ஆனா அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தகர டின். ஒவ்வொண்ணுலயும் அப்பா கையெழுத்தில் பேர். சீரகம், கசகசா, பட்டை. 'பிரிஞ்சி இலை'யில் வர்ற அந்த 'லை'யைப் பழைய மாதிரி, யானைத் தும்பிக்கை மேலே சுருண்ட மாதிரி எழுதுவார். பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதி நான் அடி வாங்கியிருக்கேன். ஹெட்செட்டில் அந்த டின்னைத்தான் தேடினேன். டின் இருக்கு, வெள்ளைத் தாள் இருக்கு, எழுத்து இல்ல, சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். முன்னால் சாய்ஞ்சேன். நான் சாய்ஞ்ச அளவுக்குக் கடையும் தள்ளிப் போச்சு. தலையைத் திருப்பலாம், கிட்டப் போக முடியாது என்பது எனக்கு அப்போதான் உறைச்சது. டின்களை எடை போட்டு வித்தாச்சு. போனில் ஒரு படம் எடுத்து வைக்கவும் எனக்குத் தோணல.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8கே என்றாலும் ரெண்டு கண்ணுக்குப் பிரிச்சு, 190 டிகிரிக்குப் பரப்பினால் ஒரு டிகிரிக்கு 20 புள்ளி சொச்சம். நல்ல பார்வைக்கு 60 வரை தெரியும். நீங்க சொன்ன விலை கூடின கேமராவில் இதைப்போல் இருமடங்கு. இன்னிக்கு இருக்கிற ஹெட்செட் காட்டாமல் போகட்டும், நாளைக்கு வர்றது காட்டும். எடுக்காமல் விட்டது எதிலும் தெரியாது. கல்யாணத்துக்கு உங்க கணக்கு சரியாக இருக்கலாம். ஒரே நாள்தான் மிச்சம் இருக்கிற கடைக்கு அந்தக் கேமரா ஒரு நாள் வாடகைக்குக் கிடைச்சிருந்தால் என் தாலிக்கொடியை அடகு வச்சாவது எடுத்திருப்பேன்.

தண்ணீர்மலைப் பையன், பினாங்கு

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, நம்பர் சொல்லித் துடைக்கச் சொன்னது சரி. அன்னிக்கு எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் பேட்டரிக்கு, ஒருத்தன் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துறதுக்கு. மூணாவது ஆள் சம்பளத்தை மிச்சம் பண்ணினது நான்தான்.

அக்கா எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி அந்த ஃபைலைத் திரும்பத் திறந்தேன். மங்கல் இருக்கிற துண்டுல வலது கண் படத்தையே இடது கண்ணுக்கும் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்துல ஆழம் தெரியாது, ரதம் தட்டையா ஒட்டின மாதிரி நிக்கும், ஆனா மங்கல் போயிடுச்சு. ஓரங்கள்ல மட்டும் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு.

மகனுக்குப் போன் போட்டேன். அப்பா நான் வந்துட்டுப் போன மறுவாரமே கண் டாக்டர்கிட்ட போனாராம். கண் நல்லா இருக்குன்னு சொல்லியும் நம்பாம, இன்னொரு டாக்டரையும் பார்த்திருக்கார். சனிக்கிழமை காலையில பெர்ரி ஏறி நேர்ல போறேன். முதல்ல சொட்டு விழுந்த படத்தைக் காட்டி, இதுதான் ஐயா, உங்க கண்ணு இல்லன்னு சொல்லிட்டு, அப்புறந்தான் புதுசைப் போடணும்.