ஆவியாக்கியில் நுரை அடங்க மாட்டேங்குது, கண்டன்சேட்டில் சீசியம் ஏறுது: உதவி தேவை

இரவு_ஷிஃப்ட்:
கதிரியக்கக் கழிவுநீரை ஆவியாக்கியில் வத்த வைக்கிறோம், பிஹெச் 10 வாக்கில். பத்து நாளா கொதி வந்ததுமே நுரை பொங்கி டெமிஸ்டர் (ஆவியோட வர்ற துளியைப் பிடிக்கிற வலை) வரைக்கும் ஏறுது. வழக்கமா 10,000 பக்கம் நிக்கிற மாசுநீக்கக் காரணி (உள்ளே போற கழிவுநீரின் கதிரியக்கம், ஆவி குளிர்ந்து வர்ற கண்டன்சேட்டில் இருக்கிறதைப் போல எத்தனை மடங்கு) 300-க்கு விழுந்துருச்சு. சிலிகான் நுரையடக்கி ஊத்தினா அரை மணி நேரம் அடங்கும், மறுபடி பொங்கும். டோஸை ரெட்டிப்பாக்கலாமா?

பழைய_கெமிஸ்ட்:
வேண்டாம். சூடும் காரமும் சேர்ந்தா சிலிகான் சிதையும், அதான் அரை மணி நேரக் கணக்கு. மிச்சம் கண்டன்சேட்டோட போய், அதைச் சுத்தம் பண்ற ரெசினில் படியும். அமெரிக்காவில் சவன்னா ரிவரில் அணுக்கழிவைக் கண்ணாடியாக்குற ஆலையில் நுரையடக்கி சிதைஞ்சு தீப்பிடிக்கக்கூடிய ஆவிகளே வந்துச்சு. உங்க ஆவியாக்கியில் சீசியம் ஆவியாகலை, நுரையோடயும் துளியோடயும் சவாரி போகுது. பத்து நாளுக்கு முன்னாடி ஃபீடில், அதாவது உள்ளே விடுற கழிவுநீரில், என்ன மாறுச்சு?

இரவு_ஷிஃப்ட்:
பராமரிப்பு நிறுத்தம். சலவைத் தொட்டித் தண்ணியும் மத்த கழிவுத் தொட்டித் தண்ணியோட சேர்ந்து வருது.

வால்வு_வாத்தியார்:
பிடிச்சாச்சு! அமிலம் விட்டு பிஹெச்சை இறக்கிப் பாருங்களேன்?

பழைய_கெமிஸ்ட்:
அது பழைய சோப்புக்குத்தான் சரி. இப்போ வர்ற சலவைத்தூள் சல்ஃபோனேட், அமிலத்திலயும் நுரைக்கும். அதோட அமிலத்தில் அயோடின் ஆவியில் ஏறிடும், ஒண்ணை அடக்கப் போய் இன்னொண்ணைக் கிளப்பின கதை. ரெண்டு தொட்டி மாதிரியையும் பாதுகாப்பு உறையறைக்குள்ள மூடின குழாயில் ஒரே எண்ணிக்கை குலுக்கி, நுரை உடையிற நேரத்தைப் பாருங்க. நுண் வண்டல் இருந்தா வடிகட்டியும் ஒருதடவை. துகள் குமிழிச் சுவரில் ஒட்டி உடையவிடாது.

வால்வு_வாத்தியார்:
மட்டமானி அழுத்த வித்தியாச வகையா? நுரை லேசு, உள்ளே பொங்கி வழிஞ்சாலும் அது மட்டம் குறைஞ்சதாத்தான் காட்டும். ஆட்டோவில் இருந்தா ஃபீட் வால்வு இன்னும் திறக்கும்.

இரவு_ஷிஃப்ட்:
அட, ஆட்டோவில்தான் இருக்கு! குலுக்கிப் பார்த்தேன்: சலவைத் தொட்டி மாதிரியில் 20 நிமிஷம் ஆகியும் நுரை நிக்குது, மத்ததில் ஒரு நிமிஷம்கூட இல்லை. வடிகட்டியும் வித்தியாசமில்லை.

பழைய_கெமிஸ்ட்:
சலவைத் தண்ணியைப் பிரிச்சு, வடிகட்டி, கிளர்வூட்டிய கரியில் விடுங்க. சோப்புக் குணம் கரியில் போகும், சீசியத்தைத் தனியா பார்க்கணும். ஏற்கெனவே கலந்ததைக் கம்மி நீராவியில், மெதுவா ஓட்டுங்க. வெற்றிடத்தை ஒரேயடியா இழுக்காதீங்க, பொங்கிடும். நுரையடக்கியை நீர்த்து, கொதிக்கும் முன்னாடி சிறுகச் சிறுக விடுங்க.

இரவு_ஷிஃப்ட்:
மூணு நாள் கழிச்சு: ஃபீட் கைக்கட்டுப்பாட்டில், சலவைத் தண்ணி தனியா. காரணி 4,000. டெமிஸ்டரைக் கழுவின பிறகு மறுபடி எழுதுறேன்.