வீடு, சைக்கிள், வீணை, சங்கு: மறக்க முடியாத கேலிச்சித்திரங்கள்

கொக்குவிலிலிருந்து

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு சலூன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வாங்கில் இடம் கிடைப்பது கடினம். 2025 யூன் மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போனபோது மூன்று பேர் காத்திருந்தார்கள். மூவருக்கும் நடுவில் ஒரே பேப்பர். கதிரையில் ஒரு ஐயாவுக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. வயது எழுபதுக்கு மேல் இருக்கும், முகம் முழுக்க நுரை.

அந்த நாட்களில் ஊரெல்லாம் ஒரே கதைதான். மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் யாழ். மாநகர சபையின் 45 இடங்களில் கட்சிச் சின்னத்தில் சொன்னால், தமிழரசின் வீட்டுக்கு 13, தமிழ்க் காங்கிரசின் சைக்கிளுக்கு 12, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு 10. மிச்சம் ஈ.பி.டி.பி.யின் வீணை, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்கு முதலியவற்றுக்குப் பிரிந்து கிடந்தது. ஒருவராலும் தனியே ஆள முடியாது. யார் யாரோடு பேசுகிறார்கள், யாருக்கு என்ன பதவி என்று சனம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் தமிழரசுக் கட்சியின் பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம் ஆதரவு கேட்டு ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைச் சந்தித்தார். ஈ.பி.டி.பி.யைப் பற்றித் தமிழரசு மேடைகளில் இத்தனை வருடமும் என்ன பேசப்பட்டது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பேப்பர் வைத்திருந்தவர் முதற்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நேரே உள்ளே பிரித்துக் கேலிச்சித்திரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என்னடா தம்பி படம்? இஞ்சால காட்டு பாப்பம்" என்றார் கதிரையில் இருந்த ஐயா. கத்தி கழுத்தில் இருக்கிறது, திரும்ப முடியாது. அதனால் அந்தப் பெடியன் எழும்பி நின்று கண்ணாடிக்கு நேரே பேப்பரைப் பிடித்தான். கண்ணாடியில் எழுத்தெல்லாம் இடம்வலமாக மாறிப் போய்விட்டது, ஆனால் படம் தெரிந்தது. ஒரு வீடு. முன்கதவில் பெரிய பூட்டு. பின்கதவு பாதி திறந்திருக்க, உள்ளே நுழையும் வீணையின் வால் மட்டும் வெளியே தெரிகிறது. தெருவில் சைக்கிளும் சங்கும் ஒரே கயிற்றால் கட்டப்பட்டு நிற்கின்றன. வீட்டுச் சுவரில் மாலை போட்ட ஒரு படம். அதன் முகம் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"வாசிக்கத் தேவையில்லை. விளங்கிட்டுது" என்றார் ஐயா. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் அந்தத் திருப்பி வைத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் கத்தியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

மூடிய அறைக்குள் நாலு பேர் இருந்து பேசியதை ஒழுங்கை முனைச் சலூன் வரைக்கும் கொண்டு வந்து காட்ட, கேலிச்சித்திரத்தைத் தவிர வேறு எதனாலும் முடியாது என்று அன்று நினைத்தேன். செய்தியில் 'சினேகபூர்வச் சந்திப்பு', 'கொள்கையளவில் இணக்கம்' என்று வரும். அதை வாசித்தால் ஒன்றும் விளங்காது. அந்தப் படத்தில் எல்லாம் இருந்தது. உங்களுக்கும் இப்படி ஒரு படம் மனதில் நிற்கும். எழுதுங்கள்.

கரவெட்டிப் பக்கத்திலிருந்து

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்குக் கேலிச்சித்திரம் பார்க்கப் பழக்கியது எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலை. பேப்பரைச் சாய்வு மேசையில் விரித்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு மரச்சட்டம் வைத்திருப்பார்கள். பெரியவர்கள் வாசித்து முடியும்வரை நாங்கள் பின்னால் நிற்கவேண்டும். ஆனால் தினகரனில் வந்த சவாரித் தம்பர் என்ற சித்திரத் தொடரைப் பார்க்க மட்டும் எங்களை முன்னுக்கு விடுவார்கள். அதை வரைந்த சிவஞானசுந்தரம் எங்கள் கரவெட்டி மண்ணின் பிள்ளை. 1963 இல் அவர் கொழும்பில் தொடங்கிய சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழ் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அவருடைய ஆட்கள் வேட்டியும் சால்வையுமாக, சந்தையில் நிற்கும் எங்கள் பெரியப்பா மாதிரியே இருப்பார்கள். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் வரும் தமிழன் எங்களைப்போல ஒருநாளும் இருந்ததில்லை. அந்த வித்தியாசம் அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

கூட்டரசாங்கப் பேரம் என்றால் என் தலைமுறைக்கு நினைவு வருவது 1960 உம் 1965 உம். 1960 மார்ச்சில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக்கு 15. இரண்டு பக்கமும் தமிழரசுத் தலைவர் தந்தை செல்வாவிடம் வந்தார்கள். அவர் நாலு கோரிக்கைகளை முன்வைத்தார். ஐக்கிய தேசியக் கட்சிப் பிரதமர் டட்லி ஒப்பவில்லை, ஒரு மாதத்திலேயே அவருடைய அரசு கவிழ்ந்தது. 1965 இல் மார்ச் 22 தேர்தல், 24 டட்லி–செல்வா ஒப்பந்தம். இரண்டே நாள். ஏழு கட்சி சேர்ந்த அந்த 'தேசிய அரசாங்கத்தில்' தமிழரசின் திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார்.

அப்போது எனக்கு 13 வயது. எங்கள் மாமா வாசிகசாலையில் இருந்து இதை எப்படி விளங்கப்படுத்தினார் என்று சொல்கிறேன். தரையில் விரலால் ஒரு கட்டை வண்டி கீறினார். ஏழு மாடு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கிறது. "இதில எங்கட மாடு எது சொல்லு பாப்பம்?" என்றார். நான் முன்னுக்கு நிற்கிற மாட்டைக் காட்டினேன். "இல்லை மேனே, எங்கட மாடு வண்டிக்குப் பின்னால கட்டிக் கிடக்கு. வண்டி போற பக்கம் போகும்" என்றார். 1968 இல் அந்த ஒப்பந்தத்தில் சொன்ன மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டு, திருக்கோணேச்சரப் புனித பூமி விடயத்திலும் பிரச்சினை வந்து தமிழரசு வெளியேறியபோது, அந்தப் புழுதிப் படம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மாமா சித்திரக்காரர் இல்லை. சந்தையில் புகையிலை விற்றவர்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே கூட்டரசாங்கக் காலத்தில், 1966 இல், தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் போனவர்கள் 'டட்லியின் வயிற்றில் மசாலா வடை' என்று சிங்களத்தில் கோசம் போட்டார்கள். கேட்டால் பகிடி மாதிரித்தான் இருக்கும். அது பேரத்தைப் பற்றிய கேலி இல்லை. நாங்கள் சாப்பிடும் சாப்பாட்டை வைத்து எங்களையே அருவருப்பாகக் காட்டியது. தலைவர்கள் என்ன கொடுத்து என்ன வாங்கினார்கள் என்று கீறு, நான் சிரிப்பேன். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று கீறினால் அந்தப் பேப்பரை எடுத்து மடித்து வைத்துவிடுவேன். இன்று எங்கள் ஆட்களும் மற்றவரின் சாதியை, சமயத்தை, ஊனத்தை வைத்துக் கீறுவதைக் காண்கிறேன். அதற்கும் இதே பதில்தான்.

யாழ் நகரிலிருந்து

நான் கீறுகிறவன். எந்தப் பேப்பர் என்று சொல்லவில்லை, பழைய வாசகர்களுக்கு என் கோட்டைப் பார்த்தால் தெரியும்.

நான் தொடங்கியது போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுச் செய்த விளக்குக்குக் கீழேதான் கீறுவேன். அச்சடிக்கத் தாள் இல்லாமல் பேப்பர் கொப்பித் தாளில் வந்த காலம் அது. கோடு போட்ட தாளில் மெல்லிய கோடு கீறினால் அது அந்த நீலக் கோடுகளுக்குள் தொலைந்து போய்விடும். அதனால் தடித்துக் கீறப் பழகினேன். முகத்தில் சுருக்கம், நிழல் எல்லாவற்றையும் விட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு அடையாளம் போதும். இன்றைக்கும் என் படங்கள் அப்படித்தான், அழகுக்காக வந்த பழக்கம் இல்லை.

1994 ஓகஸ்ட் தேர்தல் முடிவை வானொலியில் கேட்டுக் கீறியது மறக்காது. சந்திரிகாவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105. முஸ்லிம் காங்கிரசின் 7 சேர்ந்து 112. 225 பேர் சபையில் 113 வேண்டும். அந்த ஒன்று மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் கையில் இருந்தது. நான் பெரிய தராசு ஒன்றைக் கீறினேன். ஒரு தட்டில் கூட்டமாக ஆட்கள், மற்றத் தட்டில் கூட்டமாக ஆட்கள். நடுவில் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைக் கொழுந்து. அவ்வளவுதான். அடுத்த நாள் தட்டாதெருச் சந்தியில் சைக்கிளை மறித்து ஒருவர் கேட்டார்: "ஒரு கொழுந்துக்கு இவ்வளவு பாரமோ தம்பி?" அந்த ஒரு கேள்விக்காக இன்னும் முப்பது வருடம் கீறலாம்.

பிறகு வந்த காலம் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை. 2006 மே 2 யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். 2010 சனவரி 24, சனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்க, பிரகீத் எக்னெலிகொட காணாமலாக்கப்பட்டார். அவரும் கேலிச்சித்திரக்காரர், சிங்களவர். அவருடைய மனைவி சந்தியா எங்கள் தாய்மாரைப்போலவே அவருடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நின்றார். அந்தப் படத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் என் கை ஒருமுறை நிற்கும்.

எனக்கு நடந்தது சின்ன விடயம். ஒரு பின்னேரம் ஒரு பிரமுகர் வாகனத்தில் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார், வீடு நல்லாயிருக்கு என்றார், போகும்போது "என்னைக் கொஞ்சநாள் கீறாமல் விடுங்கோ" என்றார். சத்தமே போடவில்லை. அன்று இரவு அம்மா படுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். அடுத்த மூன்று மாதம் நான் ஒரு முகமும் கீறவில்லை. வீடு, வீணை, சைக்கிள், ஐக்கிய தேசியக் கட்சியின் யானை, சுதந்திரக் கட்சியின் கை, இவற்றைத்தான் கீறினேன். பயத்தில் தொடங்கியதுதான், மறைக்கவில்லை. ஆனால் அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். தலைவர் சாவார், கட்சி மாறுவார், சின்னம் கிடக்கும். வாக்குச்சீட்டில் சனம் புள்ளடி போடுவதும் சின்னத்துக்குத்தான். வீட்டின் கூரையில் ஓடு கழன்றிருப்பதாகக் கீறினால், அது ஒரு ஆளைக் குத்துவதில்லை. அதற்குப் புள்ளடி போட்ட எல்லோருக்கும் வலிக்கும்.

சனாதிபதி மைத்திரி ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கிய 2018 ஒக்டோபர் 26க்குப் பிறகு முகங்களுக்குத் திரும்பி வந்தேன். மகிந்தவின் குரக்கன் நிறச் சால்வை, சம்பந்தன் ஐயாவின் கண்ணாடி. நவம்பர் 16 பாராளுமன்றத்தில் மிளகாய்த்தூள் எறிந்தார்கள். எல்லோரும் மிளகாய்த்தூளைக் கீறினார்கள். நான் அதைக் கீறவில்லை. சம்பந்தன் ஐயாவின் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ரணிலை ஆதரித்த அந்த நாட்களில், கேப்பாப்புலவில் இராணுவம் பிடித்த காணியை விடுவிக்கக் கேட்டு முகாம் வாசலில் இருந்த ஒரு அம்மாவைக் கீறினேன். அவருக்கு முன்னால் ஒரு ரெலிவிசன் பெட்டி. அதற்குள் சண்டை நடக்கிறது. அம்மா பெட்டிக்குப் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறார், 'என்ர காணி உதுக்குள்ள கிடக்கோ' என்று தேடுகிற மாதிரி. ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டார்.

கொக்குவில்காரர் எழுதிய அந்த வீட்டுப் படத்தை நான் கீறவில்லை. கீறியவரின் கையைப் பிடித்துப் பாராட்டவேண்டும். அந்தச் சுவர்ப் பக்கம் திருப்பிய படம் எனக்கு வந்திருக்காது.

சாவகச்சேரியிலிருந்து

நான் குடியியல் படிப்பிக்கிறேன். கூட்டரசாங்கம் என்றால் என்ன என்று வரைவிலக்கணம் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் பாடமாக்கிவிடுவார்கள், விளங்காது. போன தவணை பழைய பேப்பர்களில் வெட்டிய கேலிச்சித்திரங்களைக் கொண்டுபோய்ச் சொற்களை மறைத்துவிட்டுக் கொடுத்தேன். தலைவர்களின் முகம் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சின்னங்கள் எல்லோருக்கும் தெரிந்தன. ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், 2024 பாராளுமன்றத் தேர்தலில திசைகாட்டிக்கு 159 எண்டால் அவைக்கு ஒருத்தரின்ர உதவியும் தேவையில்லைத்தானே. அப்ப எங்கட ஆக்கள் என்னத்தை வச்சுப் பேரம் பேசுறது?" பத்தாம் வகுப்பு. அந்தப் பாடவேளை முழுக்க அதைத்தான் கதைத்தோம்.

ஒரு கவலை. இப்போது கைபேசியில் வருகிற படங்களில் பெரும்பாலானவை கீறியவை இல்லை, கணினி செய்தவை. தேர்தலில் நின்ற பெண்களின் முகத்தை வெட்டி எதிலோ ஒட்டி அனுப்புகிறார்கள். அதைக் கேலிச்சித்திரம் என்று என் மாணவர்கள் சொன்னால் நான் விடுவதில்லை. அதில் ஒரு கருத்தைக் காட்டச் சொல்லுவேன். ஒருவராலும் காட்ட முடிந்ததில்லை.

மீண்டும் கொக்குவிலிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கரவெட்டி ஐயாவின் ஏழு மாட்டு வண்டியை என் மகனுக்குச் சொன்னேன், உடனே முற்றத்தில் கீறிப் பார்த்தான்.

போன கிழமை மறுபடியும் சலூனுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் படத்தை வெட்டிக் கண்ணாடியின் மூலையில் ஒட்டி வைத்திருந்தார்கள், அதைப் படம் பிடித்து இங்கே போடலாம் என்று கைபேசியை எடுத்தேன். ஒட்டுநாடாவின் தழும்பு மட்டும்தான் இருந்தது. எங்கே என்று கேட்டேன்.

"அந்த ஐயா கேட்டு வாங்கிக்கொண்டு போட்டார்" என்றார் சலூன்காரர். "மடிச்சு, சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வச்சவர்."