வறட்சிக் காலத்தில் காட்டுக்குள் தண்ணீர்த் தொட்டி வைப்பது நல்லதா, கெட்டதா?

சருகுமான் கேட்டது:
எங்கள் தன்னார்வக் குழு ஒரு வறண்ட காட்டுப்பகுதியில் சில தொட்டிகள் கட்டி, சோலார் பம்பு வைத்து நிரப்பலாம் என்று வனத்துறையிடம் பேசிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் சம்மதம்தான். ஒருவர் மட்டும் "வேண்டாம், நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துவிடுவோம்" என்கிறார், ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்ல வரவில்லை. தாகத்தில் தவிக்கிற விலங்குக்குத் தண்ணீர் வைப்பதில் என்ன கெடுதல் வந்துவிடும்? தண்ணீர் இருந்தால் விலங்குகள் பெருகும், பெருகினால் நல்லதுதானே?

நெடும்புல்:
அந்த ஒருவர் சொல்வதைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் பல பத்தாண்டுகளாக ஆழ்துளைக் கிணறு தோண்டி, அணை கட்டி, 300க்கும் மேற்பட்ட செயற்கை நீர்நிலைகள் உண்டாக்கினார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் பூங்காவின் வடபகுதியில் ரோன் மான் என்றொரு அரிய இனம் இருந்தது, தண்ணீர் குறைவான, உயரமான புல் வளர்ந்த இடங்களில்தான் அது பிழைக்கும், ஏனென்றால் பிறந்த குட்டியை முதல் சில வாரங்கள் புல்லுக்குள் மறைத்து வைக்கும் வழக்கம் அதற்கு. தண்ணீர் வந்ததும் வரிக்குதிரையும், வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற பெரிய மானும் கூட்டமாக வந்து சேர்ந்தன, புல்லைக் கட்டையாக மேய்ந்தன, அவற்றின் பின்னாலேயே சிங்கங்களும் வந்தன. 1986 வாக்கில் சுமார் 450 இருந்த ரோன் மான் 1993இல் ஏறக்குறைய 45 ஆகிவிட்டது. இடையில் வறட்சியும் வந்தது, பழி முழுவதையும் தண்ணீர் மேல் போட முடியாது. ஆனாலும் 1990களில் இருந்து அந்தப் பூங்காவே பல நீர்நிலைகளை மூடத் தொடங்கிவிட்டது.

தண்ணீர் இல்லாத இடமும் ஒரு வாழிடம்தான். அதை நாம் காலி இடம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஓடைக்கரை:
அதற்காகச் செத்து விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? ஆற்றுக்குப் போகிற வழியில் வேலி போட்டது, ரோடு போட்டது, மேலே அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டது எல்லாம் மனிதர்கள். வழியை அடைத்தவர்கள் ஒரு தொட்டி கூட வைக்கக்கூடாது என்றால் எப்படி?

நெடும்புல்:
நியாயமான கேள்வி. பறித்ததை ஈடுகட்ட வைக்கும் தொட்டிக்கு நான் எதிரி இல்லை. எப்போதுமே தண்ணீர் இல்லாத மேட்டில் கொண்டுபோய் வைக்கும் தொட்டியைத்தான் சொல்கிறேன்.

கருங்காலி:
நானும் ஒன்று சொல்கிறேன். வறண்ட நாட்டில் பல பெரிய தாவர உண்ணிகளுக்குக் கோடையில் முதலில் தட்டுப்பாடாவது புல்தான். தண்ணீரை வைத்தால் எல்லாம் அதைச் சுற்றியே நிற்கும், குடித்துவிட்டு நடக்கிற தூரத்துக்குள் உள்ளதை எல்லாம் மேய்ந்து தீர்த்துவிடும். பழைய தொட்டி எதையாவது போய்ப் பாருங்கள், சுற்றிலும் மண் இறுகிப்போய், சாணமும் குளம்படியுமாக மொட்டைத்தரை கிடக்கும், அதைத் தாண்டினால் விலங்குகள் தொடாத களைச்செடி மட்டும் தளதளவென்று நிற்கும். எல்லாம் ஒரே தொட்டியில் வாய் வைப்பதால் நோய் பரவவும் வசதி.

"பெருகினால் நல்லதுதானே" என்றீர்களே, அதற்குச் செயின்ட் மேத்யூ தீவின் கதை. பெரிங் கடலில் உள்ளது. 1944இல் ரெயின்டீர் எனும் பனிப்பிரதேசக் கலைமான்கள் 29ஐக் கொண்டுவந்து விட்டார்கள், அவற்றை அடித்துத் தின்ன அங்கே எந்த விலங்கும் இல்லை. 1963இல் சுமார் 6,000. பார்த்தவர்களுக்குப் பெரிய வெற்றி மாதிரிதான் தெரிந்திருக்கும், ஆனால் குளிர்காலத் தீனியான கற்பாசி அதற்குள் தேய்ந்துபோயிருந்தது. அடுத்து ஒரு கடுமையான குளிர்காலம். 1966இல் எண்ணியபோது மிஞ்சியது 42. அதனால் எத்தனை தலை இருக்கிறது என்பதைவிட, செடி எப்படி இருக்கிறது, குட்டி தேறுகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சருகுமான்:
பயமுறுத்திவிட்டீர்கள். சரி, ஒரு இடத்தில் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது என்றால்? சுட்டுக் கொல்வதுதான் வழியா? கருத்தடை ஊசி என்று ஏதோ படித்தேன்.

கருங்காலி:
ஊசி இருக்கிறது, யானைக்கும் காட்டுக்குதிரைக்கும் போட்டுப் பலன் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது புதிதாகப் பிறப்பதைத்தான் நிறுத்தும், இருக்கிறவை அப்படியே இருக்கும், யானை மாதிரி நீண்ட ஆயுள் உள்ளதில் தலை குறைய வெகுகாலம் ஆகும். பெண் விலங்கு ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் துப்பாக்கியால் ஊசி எய்து, மறுபடி மறுபடி போட வேண்டும். வேலிக்குள் இருக்கும் சிறு கூட்டத்துக்குச் சரிப்படும், பரந்த காட்டுக்குச் சரிப்படாது.

சுடுவதும் அவ்வளவு நேரான கணக்கு இல்லை. க்ரூகரில் 1967இலிருந்து 1994 வரை சுட்டு யானைத் தொகையை 7,000 பக்கம் நிறுத்தி வைத்திருந்தார்கள், நிறுத்தியபின் அது இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. தொடங்கினால் நிறுத்தாமல் செய்துகொண்டே இருக்க வேண்டிய வேலை அது. அப்புறம்தான் அங்கே யோசனை மாறியது: தண்ணீரைக் குறை, வேலியை எடுக்க முடிந்த இடத்தில் எடு, கூட்டம் தானே இடம் மாறட்டும், ஒரு இடம் மேய்ச்சலில் இருக்கும்போது இன்னொன்று தேறட்டும். என் கட்சியும் அதுதான். வேட்டையாடும் விலங்கு மிஞ்சியிருக்கிற காடு என்றால் அதைக் காப்பாற்றுங்கள், பாதி வேலை அது பார்த்துக்கொள்ளும். பாதிதான், முழுதும் இல்லை.

நெடும்புல்:
உங்கள் காட்டுக்கு வருகிறேன். கட்டுவதற்கு முன் சிறிய இடமொன்றில் விலங்கு நுழையாதபடி வேலி போட்டு, வெளியே உள்ள புல்லோடு இரண்டு மழைக்காலம் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே ஏற்கெனவே மொட்டை என்றால் தொட்டிப் பேச்சையே விட்டுவிடுங்கள், அந்தப் பணத்தில் களைச்செடியைப் பிடுங்கலாம். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முன்பு இயற்கையாகத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் மட்டும். மூடித் திறக்க வால்வு இருக்கட்டும், மழை வந்ததும் அடைத்துவிட வேண்டும்.

ஓடைக்கரை:
இன்னொன்று. செங்குத்துச் சுவர் வேண்டாம். ஒரு பக்கம் சொரசொரப்பான கல் பதித்துச் சரிவாக விடுங்கள், இல்லையென்றால் ஓணான், அணில், பறவைக்குஞ்சு எல்லாம் உள்ளே விழுந்து ஏற முடியாமல் செத்து மிதக்கும், தண்ணீரும் கெட்டுவிடும்.