கியோம், வில்லியம்: இந்தப் பெயர்ப்புக்கு என்ன பெயர்?

> 'புறப்பெயர்' ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. ஒரே வேரிலிருந்து வந்த பெயர் மொழிக்கு மொழி வேறு வடிவம் எடுக்கும்போது, ஓர் ஆளின் பெயரை அந்தந்த மொழியின் வடிவத்தில் சொல்வதற்குத் தமிழில் என்ன கலைச்சொல் என்பதுதான் நம் கேள்வி. புறப்பெயர் என்பது வெளியார் இட்டு வழங்கும் பெயர். ஜெர்மானியருக்கு 'டாய்ச்லாந்து', பிரெஞ்சுக்காரருக்கு 'அல்மாஞ்', வேரே வேறு. 1066இல் ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மண்டிக் கோமகன் விஷயம் அப்படியில்லை. ஆங்கிலேயருக்கு வில்லியம், பிரெஞ்சுக்காரருக்கு கியோம், இரண்டும் ஒரே ஜெர்மானியப் பெயரிலிருந்து வந்தவை. நார்மண்டிப் பக்கம் வகரம் அப்படியே நின்றது, பாரிஸ் பக்கம் அது ககரமாகிவிட்டது. கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது நார்மன் வடிவம். ஆக, வில்லியமும் பிரெஞ்சு மண்ணில் விளைந்ததுதான்!

இதை மொழிபெயர்ப்பு என்றும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பு நடப்பது அடைமொழியில். இங்கிலாந்து அரசர் ஜானின் பிரெஞ்சுப் பெயரான 'ழான் சான் தேர்' ஆங்கிலத்தில் 'ஜான் லேக்லண்ட்' ஆகும்போது பின்பாதி பொருளோடு பெயர்கிறது (தமிழில் 'நிலமிலி ஜான்' எனலாம்). முன்பாதியில் ழானை எடுத்துவிட்டு ஜானை வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஒலிபெயர்ப்பும் அல்ல. 1688இல் ஆட்சியை இழந்து, 1701இல் பாரிசுக்கு அருகே அடைக்கலத்தில் இறந்த இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், பிரெஞ்சு நூல்களில் இரண்டாம் ழாக். காதால் கேட்டு இவ்விரண்டுக்கும் உறவு கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் அவருடைய கட்சிக்காரர்களை ஆங்கிலேயரே 'ஜாக்கபைட்' என்றார்கள். பொது வேரான லத்தீன் 'யாக்கோபுஸ்' அங்கே வெளியே தெரிந்துவிடுகிறது.

> தற்பவம்?

தற்பவத்தில் ஒரு மொழி கொடுக்கிறது, மற்றது திரித்து வாங்குகிறது. ழாக் திரிந்து ஜேம்ஸ் ஆகவில்லை, ஜேம்ஸ் திரிந்து ழாக்கும் ஆகவில்லை.

என் முன்மொழிவு: பெயருக்குக் 'கிளைப்பெயர்', அந்தச் செயலுக்குக் 'கிளைபெயர்ப்பு'. கிளை என்றால் மரக்கிளை மட்டுமல்ல, சுற்றமும்தான். 'கிளைஞர்' என்ற பழஞ்சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு வரிசையில் இயல்பாக உட்காரும். பெயரில் ஒற்று மிகும், செயலில் மிகாது. இதைக் குழப்பம் என்பார்கள் சிலர். எனக்கு அது வசதி.

நம்மிடமே மூன்று வழியும் ஒரே ஆளுக்கு வழங்கியிருக்கிறது. 1978இல் பொறுப்பேற்ற திருத்தந்தையைச் செய்தித்தாள்கள் 'இரண்டாம் ஜான் பால்' என்றன: ஒலிபெயர்ப்பு. கோயில்களில் 'இரண்டாம் அருள் சின்னப்பர்': பொருள் பார்த்துப் பெயர்த்தது. பிறகு பரவிய 'இரண்டாம் யோவான் பவுல்' தான் கிளைபெயர்ப்பு. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் கலைச்சொல் பட்டியலுக்குக் கிடைக்காது.

பட்டியலின் குறிப்புப் பகுதியில் ஒன்று சேர்க்க வேண்டும். இந்த வழக்கம் எப்போதும் சீராக இருந்ததில்லை, இப்போது தேய்ந்தும் வருகிறது. பிரெஞ்சு மன்னர் பிரான்சுவாவை ஆங்கிலேயர் இன்றும் 'பிரான்சிஸ்' என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஒருகாலத்தில் 'லூயிஸ்' என்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதிய பதினான்காம் லூயியைப் பிரெஞ்சு வடிவத்துக்கே திருப்பிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் அரசர் அவர்களுக்கு இரண்டாம் பிலிப். 2014இல் அரியணை ஏறியவரோ ஸ்பானிய வடிவத்திலேயே ஆறாம் பெலிப்பே. பிரெஞ்சுக்காரர் பக்கமும் இப்படித்தான்: பிரிட்டிஷ் மன்னர் பெயர் கொண்ட, பாரிசின் ஐந்தாம் ஜார்ஜ் நிழற்சாலையின் பெயர்ப்பலகையில், பிரெஞ்சு வழக்கப்படி பெயரின் கடைசியில் வர வேண்டிய 'எஸ்' இல்லை. கனடாவின் 1953ஆம் ஆண்டு அரச பட்டத்தில் பிரெஞ்சு வாசகம்கூட 'எலிசபெத்' என்பதை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் பிரெஞ்சில் சொல்கிறது. இளவரசர் வில்லியமைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கியோம் என்பதில்லை.

தமிழ்க் கட்டுரைகளில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பிரெஞ்சு அரசரென்றால் பிரெஞ்சு ஒலி, ஆங்கில அரசரென்றால் ஆங்கில ஒலி. 'நான்காம் ஹென்றி' என்று மொட்டையாக எழுதினால் எந்த நாட்டு ஹென்றி என்ற கேள்வி வரும். 'நான்காம் ஆன்றி' என்றால் பிரான்ஸ் என்று உடனே தெரியும். ஆங்கில நூலைப் பார்த்து எழுதுபவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள்.

இடைக்கால ஐரோப்பியப் பேரரசர் ஷார்லமேனை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம். ஜெர்மானியருக்கு அவர் 'மகா கார்ல்'. பிரெஞ்சில் பெயரும் அடைமொழியும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன, ஆங்கிலம் அதைப் பிரிக்காமல் வாங்கிக்கொண்டது. ஆங்கில வடிவத்தைக் 'கடன்பெயர்' என்று தனியே குறிக்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் எழுதுங்கள்.