படித்து முடித்த வைத்தியர் புறப்படும்போது வெற்றிடம் எந்த ஊரில் விழுகிறது?

வன்னி மருத்துவர் எழுதிய கேள்வி:

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் படித்து, உள்ளகப் பயிற்சியை முடித்து, இரண்டு ஆண்டுகளாக வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையில் பணிபுரிகிறேன். அப்பா கடற்றொழிலாளி. மாவட்ட ஒதுக்கீடு இல்லாதிருந்தால், உயர்தரப் பரீட்சையில் நான் பெற்ற இசட் புள்ளிக்கு (பல்கலைக்கழக அனுமதிக்கான தரப்புள்ளிக்கு) மருத்துவ பீடத்தின் வாசலையே நான் மிதித்திருக்க மாட்டேன். முதலாம் வகுப்பிலிருந்து பட்டம் பெறும் வரை கல்விக் கட்டணம் என்று ஒரு ரூபாயும் எங்கள் வீட்டிலிருந்து போனதில்லை.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, என்னோடு படித்தவர்களில் பலர் பிரிட்டனில் வைத்தியராகப் பதிவுபெறுவதற்கான பிளாப், அவுஸ்திரேலியாவுக்கான ஏ.எம்.சி. பரீட்சைகளுக்குப் படிக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் வருமான வரி விலக்கின் எல்லை ஆண்டுக்கு 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டு, உச்ச வீதம் 36 சதவீதமானபோது, தயங்கி நின்றவர்களும் முடிவெடுத்துவிட்டார்கள். நானும் கொழும்பில் பிளாப் முதற்பகுதியை எழுதிச் சித்தியடைந்துவிட்டேன். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போக வேண்டும். தம்பியின் படிப்பும் வீட்டுக் கடனும் என் சம்பளத்தை நம்பியே இருக்கின்றன. நான் போவது நியாயமா? ஒருவர் போவதால் உண்மையில் என்ன இழப்பு நேர்கிறது? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றி உடையவளாவேன்.

லண்டன்வாசி:

தங்கைக்கு, நான் எண்பதுகளில், போர்ச் சூழலில் புறப்பட்டவன். அந்தக் காலத்தில் இப்படியொரு கேள்வியைக் கேட்க எங்களுக்கு அவகாசமே இருக்கவில்லை. ஆகவே உங்களை எடைபோடும் தகுதி எனக்கு இல்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மூளைசாலிகளின் வெளியேற்றம் என்ற பேச்சு 1960களில் பரவலானதே பிரிட்டனில்தான். தன் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போவதைப் பார்த்து இந்த நாடு அன்று கவலைப்பட்டது. அதே நாட்டில் 2022இலும் 2023இலும் புதிதாகப் பதிவுபெற்ற வைத்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் பட்டம் பெற்றவர்கள். ஒரு வைத்தியரை உருவாக்கும் செலவை இலங்கை போன்ற நாடுகள் ஏற்க, விளைச்சலை இவர்கள் அறுக்கிறார்கள் என்பதை நான் நாள்தோறும் என் பிரிவில் காண்கிறேன். வந்தால் நன்றாக இருப்பீர்கள். ஆனால், ஐந்து ஆண்டில் திரும்பிவிடுவேன் என்று மட்டும் உங்களுக்கு நீங்களே வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் திரும்பிய ஒருவரையும் என் நண்பர் வட்டத்தில் நான் காணவில்லை.

தாதிய உத்தியோகத்தர், மன்னார்:

டொக்டர், என்ன இழப்பு என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்டதை எழுதுகிறேன். முன்பு நான் வேலை செய்த வைத்தியசாலையில் மயக்கமருந்து வைத்திய நிபுணர் ஒருவரே இருந்தார். அவர் போனபின் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார், சத்திரசிகிச்சைக் கூடம் இருந்தது, நாங்களும் இருந்தோம். ஆனால் அவசர சிசேரியன் ஒன்று வந்தால் தாயை நோயாளர் காவு வண்டியில் ஏற்றி அடுத்த மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அப்படி ஓர் இரவு வண்டியில் நானும் கூடப் போனேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்றாலும், வழி முழுவதும் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் இதயத் துடிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததை என்னால் மறக்க இயலாது. உங்களைப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் மகளும் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருக்கிறாள்.

பொருளியல் ஆசிரியர்:

மேலே தாதிய சகோதரி சொன்னதுதான் இந்த விடயத்தின் மையம் என்று கருதுகிறேன். கொழும்பிலோ கண்டியிலோ ஒரு வைத்தியர் பதவி விலகினால் அந்த வெற்றிடம் அங்கேயே நிற்பதில்லை. வருடாந்த இடமாற்றத்தில் அநுராதபுரத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ ஒருவர் அதற்கு விண்ணப்பிப்பார். அவருடைய இடத்துக்கு இன்னும் உள்ளேயுள்ள ஊரிலிருந்து ஒருவர் வருவார். இப்படிப் படிப்படியாக நகர்ந்து, கடைசியில் எவரும் விரும்பி விண்ணப்பிக்காத கஷ்டப் பிரதேச வைத்தியசாலையில்தான் அந்த நாற்காலி நிரந்தரமாகக் காலியாகிறது. மொத்தத்தில் எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு இந்த நகர்வைக் காட்டாது.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் சுகாதாரப் பணியாளர்களைப் பிறநாடுகள் சேர்த்துக்கொள்வது குறித்து ஒரு நடத்தைக் கோவையை ஏற்றுக்கொண்டது. கட்டுப்படுத்தும் சட்டமல்ல அது. நாடுகள் விரும்பினால் பின்பற்றலாம். அதன் தொடர்ச்சியாக 2023இல் வெளியான, சுகாதாரப் பணியாளர்களை இழக்காமல் பாதுகாப்பு வேண்டிய 55 நாடுகளின் பட்டியலில் பாகிஸ்தானும் வங்காளதேசமும் உள்ளன; இலங்கை இல்லை. நமது இலவச சுகாதார சேவையின் தேசிய சராசரி, பட்டியலில் சேர்ப்பதற்கான எல்லைக்கு மேலே நிற்பதே காரணம். கொழும்பின் எண்களோடு சேர்த்து எடுக்கப்பட்ட சராசரியில் முல்லைத்தீவு மறைந்துபோகிறது.

வெளியே போனவர்கள் அனுப்பும் பணம் ஈடுசெய்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2022இல் சுமார் 380 கோடி டொலராக இருந்த வரவு 2023இல் ஏறத்தாழ 600 கோடியானது உண்மைதான். ஆனால் உண்டியல் எனப்படும், வங்கிக்கு வெளியேயான கைமாற்று வழியாகப் போய்க்கொண்டிருந்த பணம் வங்கிக்குத் திரும்பியதும், மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்களாகவும் தொழிலாளர்களாகவும் உழைப்போரும் அந்த வரவுக்கு முக்கிய காரணங்கள். குடும்பத்தோடு குடியேறிய நிபுணர், வீட்டை விற்று அந்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போகக்கூடியவர். பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1970களில், புலம்பெயர்ந்த நிபுணர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தாய்நாட்டுக்கு வரியாக விதிக்கலாம் என்று முன்மொழிந்தார். கோட்பாட்டளவில் அது எனக்கு உடன்பாடே. குடியேற்ற நாடு ஒத்துழைக்காமல் அதை எவராலும் அறவிட முடியாது என்பதே சிக்கல்.

அரசோ எதிர்த்திசையில் போனது. 2022 ஜூனில், பணிமூப்பு பாதிக்கப்படாமல் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று அரச ஊழியருக்குச் சுற்றறிக்கை வந்தது. சம்பளச் செலவு குறைந்து டொலரும் வரும் என்ற அந்தக் கணக்கில் நோயாளிக்கு ஓர் இடம் தரப்படவில்லை. எனவே, மகளே, நியாயமா என்ற கேள்வியை உங்கள் தோளில் மட்டும் சுமக்காதீர்கள். கஷ்டப் பிரதேசத்தில் தங்குபவருக்கு வசிக்கத்தக்க விடுதி, மேற்பட்டப்படிப்புத் தெரிவில் முன்னுரிமை, பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஆகிய மூன்றையும் கொடுக்காத நிர்வாகத்திடம்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.

வன்னி மருத்துவர்:

அனைவருக்கும் நன்றி. தாதிய அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தம்பியைப் பெற்றபோது தன்னையும் அப்படித்தான் வவுனியாவுக்கு ஏற்றிச் சென்றார்கள் என்று சொன்னார். எனக்கு அது இதுவரை தெரியாது. மான்செஸ்டருக்கான திகதியை நான் இன்னும் பதிவு செய்யவில்லை. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மயக்கமருந்தியலுக்கான தெரிவுப் பரீட்சையை முதலில் எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அந்தப் படிப்பின் பகுதியான வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகும்போது, திரும்பி வந்து பணியாற்றுவதாகக் கையெழுத்திட வேண்டிய பிணைமுறியின் நிபந்தனைகளை அண்மையில் கையெழுத்திட்டவர்கள் எவரேனும் விளக்குவீர்களா?