ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அந்தக் காலத்து அலாய் வீல்: எது உட்காரும்?

வண்ணை_948
வணக்கம். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2 கார், பின்னால் ஸ்விங் ஆக்ஸில் (சக்கரம் மேலே கீழே போகும்போது சாயும் அச்சு). இப்போது இருப்பது கம்பெனி இரும்பு ரிம், 13 இன்ச், 3.5 ஜே (ரிம் அகலம் 3.5 இன்ச்). மினிலைட் மாதிரி எட்டு ஸ்போக் அலாய் போட ஆசை. பார்த்தால் 60, 70களில் மாட்டியது போல இருக்க வேண்டும். 4 ஓட்டை, 100 மிமீ பி.சி.டி. (ஓட்டைகளின் மையம் வழியே போகும் வட்டத்தின் விட்டம்), 13 இன்ச் செட் ஒன்று விலைக்கு வருகிறது. "ஓட்டையைக் கொஞ்சம் ராவினா உட்கார்ந்துடும்" என்கிறார் விற்பவர். செய்யலாமா? ஓட்டம் பெரும்பாலும் தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை. டயர் சைஸும் சொன்னால் நல்லது.

லேத்து_மூலக்கடை
ராவவே ராவாதீங்க சார். ஹெரால்டு பி.சி.டி. 3¾ இன்ச், அதாவது 95.25 மிமீ. 100 வீலில் ஒவ்வொரு ஸ்டட்டும் (ஹப்பிலிருந்து நீண்டு நட்டு ஏறும் மரைத்தண்டு) ஓட்டையின் நடுவிலிருந்து 2.4 மிமீ உள்ளே தள்ளி நிற்கும். ஓட்டையை உள்பக்கமாக நீட்டினால் நட்டின் கூம்பு உட்காரும் சரிவு ஒரு பக்கம் காணாமல் போகும். நட்டு பிறை அளவு இடத்தில்தான் பிடிக்கும். கொஞ்ச தூரத்தில் தளரும், தளர்ந்ததும் ஸ்டட் ஒவ்வொரு சுற்றிலும் வளையும். நம்ம ஸ்டட் வெறும் 3/8 இன்ச். ஒன்று முறிந்தால் மற்ற மூன்றும் அதிக நேரம் தாங்காது.

யார் என்ன சொன்னாலும் வெர்னியரை எடுத்து நீங்களே அளங்க. எதிரெதிர் ஸ்டட்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 104.8 மிமீ வர வேண்டும். நடுவில் ஹப் மறித்தால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்டின் மையம் முதல் மையம்: 67.4 வந்தால் ஹெரால்டு, 70.7 வந்தால் 100 பி.சி.டி.

அடாப்டர் பிளேட் போடலாம் என்று அடுத்து சொல்வார்கள். அது 20, 25 மிமீ வீலை வெளியே தள்ளும். பின்னால் ஹாஃப் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பேரிங்குக்கு வெளியேதான் முறியும், அது இந்த வண்டியின் பிறவிக் குறை. வீலை வெளியே தள்ளத் தள்ள அந்த இடத்தில்தான் பாரம் ஏறும். ஆக, 95.25 என்றே துளையிட்ட வீல்தான் வேண்டும். டிரையம்ஃப் ஹெரால்டு (நம்ம வண்டியின் இங்கிலாந்து மூலம்), ஸ்பிட்ஃபயருக்கு என்று இங்கிலாந்தில் வார்க்கும் மினிலைட் வகை நேராக உட்காரும்.

சோழவரம்_ரசிகன்
பி.சி.டி. முடிஞ்சுது, அகலத்துக்கு வருவோம். கடைக்காரர்கள் 5.5 ஜேவைத்தான் நீட்டுவார்கள். என் கணக்கில் 5 ஜே போதும். 3.5இலிருந்து 5க்குப் போனால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் தள்ளி இருக்கும் தூரம்) மாறாவிட்டால் உள்ளே 19, வெளியே 19 மிமீ கூடும். 5.5 என்றால் 25, 25. ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி, முன் சக்கரம் அவ்வளவு மடங்கும். முழு லாக்கில் டயரின் உள்விளிம்பு சேசிஸைத் தொடுகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. ஒரு வீலை மட்டும் மாட்டி, வண்டியைத் தரையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்க. ஜாக்கியில் தொங்கவிட்டுப் பார்ப்பது வீண். டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டு) முனைக்கும் ரிம்முக்கும் 8 மிமீயாவது இருக்கணும். பின்னால் ஆள் ஏறினால் ஸ்விங் ஆக்ஸில் டயரின் மேல்பகுதியை உள்ளே சாய்க்கும், மட்கார்டு விளிம்பை நான்கு பேரை உட்கார வைத்துப் பாருங்க.

டயர்: 155/80 ஆர்13 (விட்டம் 578 மிமீ) அல்லது 175/70 ஆர்13 (575). இரண்டிலும் ஸ்பீடோ மாறாது. 185/60 என்றால் 552, வண்டி 13 மிமீ தாழும். கன்டெய்னர் லாரி கிழித்துப்போட்ட எண்ணூர் ரோட்டில் அந்த 13 மிமீ சைலன்சர் பைப்பின் விலை. அகலமும் அழகும் பார்த்தால் 175, ஸ்டியரிங் லேசாக இருக்கணும் என்றால் 155.

தோற்றம் பற்றி ஒன்று. மினிலைட் 60களின் வீல்தான், ஆனால் அப்போது மெட்ராஸில் சாதாரண ஹெரால்டில் கிடையாது. சோழவரம் விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்து வண்டி மாதிரி ஆக்குவதென்றால் பொருந்தும். மேட் சில்வர் அல்லது சாம்பல் பெயிண்ட், குரோம் நட்டு வேண்டாம், முகத்தைக் கடைந்து பளபளவென்று விட்ட டைமண்ட் கட் கட்டாயம் வேண்டாம். விண்டேஜ் ராலியில் மார்க் வேண்டுமென்றால் கம்பெனி ரிம்மும் வீல் கப்பும்தான். அதனால் பழைய ஐந்தையும் எடைக்குப் போட்டுடாதீங்க.

வண்ணை_948
ரொம்ப நன்றி. பழைய அசல் மெக்னீசியம் செட் ஒன்றும் காட்டினார்கள். எடுக்கலாமா? நட்டு பழையதே போதுமா?

லேத்து_மூலக்கடை
மெக்னீசியமா என்று முதலில் பாருங்க. உள்பக்கம் பெயிண்ட்டைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால், மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். ராயபுரம், திருவொற்றியூர் உப்புக்காற்றில் பெயிண்ட் பெயர்ந்த இடத்திலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும். விரிசல் பார்க்கும் சிவப்பு டை டெஸ்ட் செய்யாமல் ரோட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பட்டறையில் கிரைண்டர் வைக்கவும் விடாதீங்க, பொடி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற ஊற்ற எரியும். தினசரி ஓட்டத்துக்கு அலுமினியமே எடுங்க.

பழைய நட்டு ஆகாது. அலாயின் ஓட்டையைப் பாருங்க: சரிவாக இருந்தால் 60 டிகிரி கூம்பு நட்டு, நேர் துளையாக இருந்தால் வாஷரோடு வரும் ஸ்லீவ் நட்டு. இரண்டிலும் மரை 3/8 யூ.என்.எஃப். (இன்ச் அளவில் நெருக்கமான மரை). அலாய் தடிமன் அதிகம், எனவே ஸ்டட் நீளம் பத்தாமல் போகும். விரலால் முடுக்கும்போது குறைந்தது 9 சுற்று ஏறணும். ஏறாவிட்டால் வீல் ஸ்டட் என்றே செய்த நீளமானதை வாங்கி ஹப்பில் அடிங்க, மண்ணடியில் கிடைக்கும் சாதா போல்ட்டு வேண்டாம்.

ஹப் முகத்தில் துருவைத் தேய்த்து, மெல்லிய காப்பர் கிரீஸ் பூசுங்க, ஸ்டட் மரையில் பூசாதீங்க. பேலன்ஸுக்கு ஒட்டும் எடைதான். முறுக்கு 40 அடி-பவுண்டு, 54 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்காக. பஞ்சர் கடையில் ஏர் கன்னை எடுத்தால் கையைப் பிடிச்சு நிறுத்துங்க. 50 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்க.

சோழவரம்_ரசிகன்
இன்னொன்று: பழைய இரும்பு ரிம்மில் டியூப்லெஸ் டயர் போட்டாலும் உள்ளே டியூப் வைங்க. டயர் விளிம்பைப் பிடிக்கும் மேடு அதில் கிடையாது. ஸ்டெப்னிக்கு அந்த ரிம்மையே வைத்தால், அதற்கு ஏற்ற பழைய நட்டு நான்கையும் டிக்கியில் போட்டு வைங்க. அலாய்க்கான ஸ்லீவ் நட்டு இரும்பு ரிம்மைப் பிடிக்காது.